குழாய்க்கு முட்டுக் கொடுத்தவர்கள்

எங்கள் கேரவனைப் பார்க்க வருகிறவர்கள் நேராக உள்ளே ஏறிவிடுவார்கள். கட்டிலை அமுக்கிப் பார்ப்பார்கள், மடக்கு மேசையை இழுத்துப் பார்ப்பார்கள், சின்னக் கதவைத் திறந்து, "அடேங்கப்பா, கக்கூசெல்லாம் இருக்கு" என்பார்கள். அந்தக் கக்கூசில் போவது எங்கே போகிறது என்று ஒருத்தரும் கேட்டதில்லை. நான் வெல்டிங் பட்டறைக்காரி. எந்த வண்டி வந்தாலும் எனக்கு அதன் அடிவயிற்றைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

கோயம்புத்தூர்ப் பக்கம் ஒருவர் ஆசையாக வாங்கி, ஆசை தீர்ந்ததும் விற்ற வண்டி அது. தானாக ஓடாது, ஜீப்பின் பின்னால் கொக்கி மாட்டி இழுக்க வேண்டும். வத்தலக்குண்டில் எங்கள் பட்டறைக்குப் பின்னால் இருக்கிற தென்னந்தோப்பில் நிறுத்தி, கொடைக்கானலுக்குப் போகிறவர்களுக்கு வாடகைக்கு விடலாம் என்பது என் வீட்டுக்காரர் போட்ட திட்டம். இழுத்து வந்த அன்றே நான் சாக்கை விரித்துப் படுத்து அடியில் தலையை விட்டேன். கழிவுத் தொட்டி ஒன்று தொங்கியது. அதிலிருந்து ஒரு பிளாஸ்டிக் குழாய் கிளம்பி, சக்கரங்களைத் தாண்டிப் பின்பக்கம் போய், திறந்து மூடுகிற ஒரு வால்வில் முடிந்தது. வால்வுக்கும் தரைக்கும் நடுவே கையை விரித்து வைத்தேன். ஒரு சாண் தேறவில்லை.

"இதை எவன் செஞ்சான்?" என்று அடியிலிருந்தே கேட்டேன்.

"ஏன், நல்லாத்தானே இருக்கு?" என்றார் வீட்டுக்காரர்.

"நல்லாத்தான் இருக்கு. அவன் பொறந்த ஊர்ல வேகத்தடையே கெடையாது போல."

ஒரு வண்டியில் எது உடைந்தால் நாறுமோ அதைப் போய் எல்லாவற்றுக்கும் கீழே தொங்கவிட்டிருக்கிறார்களே என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. இருந்தாலும் தோப்பில் நிற்கிற வண்டிதானே, ஊர் சுற்றவா போகிறது என்று விட்டுவிட்டேன். அக்காவின் விஷயம் வருகிற வரைக்கும் அந்தக் குழாயைப் பற்றி நான் நினைக்கவில்லை.

அக்கா அய்யம்பாளையத்தில் இருக்கிறாள். குடலில் ஆபரேஷன் ஆனதிலிருந்து அவளுக்கு ஒரு சங்கடம். வந்தால் வந்ததுதான், அடக்க முடியாது. ஒருமுறை திண்டுக்கல்லிலிருந்து பஸ்ஸில் வரும்போது, கண்டக்டரிடம் நிறுத்தச் சொல்லக் கூச்சப்பட்டு உட்கார்ந்தே இருந்திருக்கிறாள். அப்புறம் நிறுத்தியும் பிரயோசனம் இல்லை. பஸ்ஸில் யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லையாம், ஜன்னலை மட்டும் திறந்துவிட்டார்களாம். அதை என்னிடம் சொல்லும்போதுகூடச் சுவரைப் பார்த்துக்கொண்டுதான் சொன்னாள். அன்றோடு கல்யாணம், காதுகுத்து, துட்டி வீடு எதற்கும் போவதில்லை. யார் கேட்டாலும் மூட்டுவலி என்பாள். அவள் வீட்டுக்காரரையும் என்னையும் தவிர யாருக்கும் உண்மை தெரியாது. பெற்ற மகளுக்கே தெரியாது.

அந்த ஒரே மகளைப் பூம்பாறையில் கட்டிக் கொடுத்திருக்கிறது. பூண்டு போடுகிற குடும்பம், நல்ல மனிதர்கள். அவள் உண்டாகி ஏழாம் மாதம் பிறந்தது. மாப்பிள்ளை வீட்டில் வளைகாப்பு வைத்து, அன்றைக்கே தாய்வீட்டுக்குக் கூட்டி வர வேண்டும். பெற்றவள் வந்து கையைப் பிடித்துக் கூட்டிப் போவதுதான் வழக்கம். அக்கா வரமாட்டேன் என்று ஒற்றைக்காலில் நின்றாள்.

"நீ போய்க் கூட்டிட்டு வாடி. அம்மாவும் சித்தியும் ஒண்ணுதான்."

"ஒண்ணுன்னா நீயே போ."

"எனக்கு மூட்டுவலி."

"ஏங்கிட்டயே மூட்டுவலியா?"

அழுதுவிட்டாள். "அத்தனை வளைவு ஏறி எறங்கிப் போகணும். சம்பந்தி வீட்டு வாசல்ல போயி எனக்கு ஒரு அசிங்கம் ஆச்சுன்னா, அந்தப் புள்ள காலம் முச்சூடும் அந்த வீட்ல தலை நிமிர முடியுமாடி?" என்றாள். எனக்கு அவள்மேல் கோபம் வரவில்லை. அந்தக் குடல்மேல் வந்தது. பெற்ற மகளுக்கு வளையல் போடப் போக முடியாமல் ஒருத்தியை வீட்டுக்குள் உட்கார வைத்திருக்கிறதே என்று வந்தது.

"அக்கா, இங்க பாரு. கக்கூசோட ஒரு வீட்டையே ஜீப்புக்குப் பின்னால கட்டி இழுத்துட்டு வர்றேன். எங்க வருதோ அங்க நிறுத்துவோம். ஏறிப் போயிட்டு எறங்கு. ஒரு பயலுக்குத் தெரியாது."

கண்ணைத் துடைத்துக்கொண்டு யோசித்தாள். "வழியில அது ஒடைஞ்சா?"

"என் பட்டறையிலேர்ந்து போற வண்டி ஒடையாது."

வாய் பேசிவிட்டது, இனி கை பேச வேண்டும். குழாயைத் தூக்கிக் கட்டினால் முடிந்தது என்றார் வீட்டுக்காரர். கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் தண்ணீர் போகிற குழாய்க்குச் சரிவான வாட்டம் வேண்டும். வாட்டத்தைக் கெடுத்துத் தூக்கினால் உள்ளே போனது பாதி வழியில் உட்கார்ந்துவிடும், அப்புறம் அடைப்புதான். சரி, மொத்த வண்டியையும் உயர்த்திவிடலாம் என்றால், மலை வளைவில் சாய்ந்துவிடும் என்று அவர் சொன்னார். அதில் அவர் சொன்னது சரி. ஆகவே ஸ்பிரிங்குக்கு அடியில் இரும்புத் துண்டு கொடுத்து இரண்டு விரல் மட்டும் உயர்த்தினேன். பிறகு கனமான இரும்புப் பட்டையை வளைத்து, குழாய்க்கு முன்னால் ஓர் அரணாக வைத்து, வண்டியின் சட்டத்தோடு வெல்டு அடித்தேன். தரை தட்டினால் பட்டை தட்டட்டும், குழாய்க்கு ஒன்றும் ஆகக்கூடாது.

பட்டறைக்கு முன்னால் இருக்கிற வேகத்தடையில் ஏற்றி இறக்கிப் பார்த்தோம். பட்டை உரசித் தீப்பொறி பறந்தது. குழாயில் ஒரு கீறல் இல்லை. எனக்குத் தாங்க முடியாத பெருமை. அன்றைக்கு யார் பட்டறைக்கு வந்தாலும் சாக்கைக் கொடுத்துப் படுத்துப் பாருங்கள் என்றேன். இரண்டு பேர் படுத்தும் பார்த்தார்கள்.

அக்கா வீட்டுக்காரர் சீர்த்தட்டுகளோடு முதல் நாளே பூம்பாறைக்குப் போய்விட்டார். நாங்கள் மூன்று பேரும் வெள்ளனே கிளம்பினோம். வீட்டுக்காரர் ஓட்ட, நானும் அக்காவும் பின்சீட்டில். மலை ஏறத் தொடங்கியதும் அக்கா முந்தானையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். எனக்கு ஒரு காது பின்பக்கமே இருந்தது. பட்டை தரையில் உரசும் சத்தம் கேட்கும், அப்புறம் நின்றுவிடும். ஒவ்வொரு முறையும் அக்கா என் முகத்தைப் பார்ப்பாள். "பட்டைதான்" என்பேன். நாலாவது முறை அவளே, "பட்டைதானே?" என்றாள்.

முதல் தடவை நிறுத்தச் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. என் தொடையைக் கிள்ளினாள். நிறுத்தினோம். போய்விட்டு வந்தாள். இரண்டாவது தடவை அருவிக்குப் பக்கத்தில், அத்தனை டூரிஸ்ட் வண்டிகளுக்கு நடுவில். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. மூன்றாவது தடவை அவளே என் வீட்டுக்காரரிடம், "தம்பி, ஒரு ஓரமா நிறுத்துங்க" என்றாள். கொடைக்கானலில் சோளக்கருது வாங்கித் தின்றாள். ஆபரேஷனுக்குப் பிறகு வெளியிடத்தில் அவள் வாயில் எதையும் வைத்து நான் பார்த்ததில்லை. மனசு குளிர்ந்துபோனது எனக்கு.

கேரவன் என்றால் நம் ஊரில் ஒரே அர்த்தம்தான். சினிமாக்காரர்கள் உள்ளே உட்கார்ந்து மேக்கப் போடுகிற வண்டி. வழியெல்லாம், "உள்ள யாரு? ஹீரோவா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள். கொடைக்கானல் தாண்டிப் பூம்பாறை ரோட்டில் அது இன்னும் அதிகமானது. ஒரு ஏற்றத்தில் எதிரே கேரட் லாரி ஒன்று வந்தது. ரோடு குறுகல், ஒரு பக்கம் பள்ளம். நாங்கள் ஒதுங்கி நின்றோம். அந்த நேரத்தில் அக்காவுக்கு வந்துவிட்டது. இறங்கி கேரவனுக்குள் போனாள். நான் முன்னால் போய் லாரிக்காரருக்குக் கை காட்டி, "வா வா, ஸ்டீரிங்கை இன்னும் ஒடி" என்று வழி விட்டுக்கொண்டிருந்தேன். லாரி இஞ்ச் இஞ்சாக நகர்ந்தது.

மேலே பூண்டு வயலில் நின்ற சனம் கேரவனைப் பார்த்துவிட்டது. மளமளவென்று இறங்கி ஓடி வந்தார்கள். ஹீரோவைப் பார்க்க வந்தவர்கள்தான், ஆனால் கை சும்மா இருக்குமா? மலைக்காரர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. ஏற்றத்தில் ஒரு வண்டி நின்றால் அது யார் வண்டி என்று கேட்க மாட்டார்கள், முதலில் ஆளுக்கொரு கல்லை எடுத்துச் சக்கரத்துக்குப் பின்னால் போட்டுவிடுவார்கள். எங்கள் சக்கரங்களுக்கும் போட்டார்கள். வண்டி கிளம்பும்போது அவர்களே எடுத்தும் விடுவார்கள்.

லாரி தாண்டிப் போனதும் என் செல்போன் அடித்தது. கேரவனுக்குள்ளிருந்து அக்கா. குரல் கிசுகிசுப்பாக வந்தது. "ஏடி, சன்னல் வழியா பாத்தேன், வெளிய ஒரே கூட்டம். எல்லாம் கதவையே பாத்துக்கிட்டு நிக்கிது. நான் எப்படி எறங்குவேன்? வண்டிய எடுக்கச் சொல்லு. தள்ளிப் போயி எறங்கிக்கிடுதேன்."

அவள் சொன்னதும் நியாயம்தான் என்று பட்டது. வீட்டுக்காரரிடம் எடுக்கச் சொன்னேன். சனங்கள் சக்கரத்துக் கற்களை எடுத்துவிட்டு வழிவிட்டார்கள். ஜீப் நகர்ந்தது. அடியில் மடக்கென்று ஒரு சத்தம். அது பட்டையின் சத்தம் இல்லை.

ஓடிப் போய்க் குனிந்தேன். என் பட்டைக்கும் வால்வுக்கும் நடுவில் இருந்த சந்தில் யாரோ நல்ல பாறாங்கல் ஒன்றை நிறுத்தியிருந்தார்கள். குழாயை நன்றாகத் தாங்கும்படி, சில்லுக்கல் வைத்து இறுக்கி, அழகாக நிறுத்தியிருந்தார்கள். வண்டி முன்னால் நகர்ந்ததும் வால்வு அந்தக் கல்லில் மோதி, குழாய் முறிந்து தொங்கியது. நாற்றம் வராமலிருக்கத் தொட்டியில் ஊற்றியிருந்த நீல மருந்துத் தண்ணீர் ரோட்டில் கொட்டியது.

"இந்தக் கல்லை யாரு வச்சது?"

தலைப்பாகை கட்டிய ஒருவர் முன்னால் வந்தார். "நாந்தான் தாயி. கொழாய் தரையில தொங்கிக்கிட்டுக் கெடந்துச்சு. ஏத்தத்துல கழண்டு விழுந்துரும்னு முட்டுக் குடுத்தேன்."

"சக்கரத்துக் கல்லை எடுத்தீங்க. இதை எடுக்கலையா?"

"சக்கரத்துக்குப் போட்டா எடுக்கணும். முட்டுக் குடுத்ததை எவனாச்சும் எடுப்பானா?"

அடுக்கடுக்கான வயலில் இவர்கள் ஒரு வரப்புக்கு முட்டுக் கொடுத்தால் அது பேரன் காலத்துக்கும் நிற்க வேண்டும். வேகத்தடைக்கும் பள்ளத்துக்கும் நான் தயாராக வந்திருந்தேன். அன்புக்குத் தயாராக வரவில்லை.

"தண்ணி நீலமா இருக்கே, என்ன தண்ணி?" என்று ஒரு பெண் கேட்டாள்.

"ரேடியேட்டர் தண்ணி" என்றேன். எஞ்சினே இல்லாத வண்டிக்குக் கண் இமைக்காமல் சொன்னேன். இப்போது யாராவது கேட்டாலும் அதே பொய்யைத்தான் சொல்வேன்.

தலைப்பாகைக்காரர் பதறிப் போனார். "ஐயையோ, அது பூராம் போயிட்டா வண்டி சூடாயிருமே. இருங்க தாயி." நான் தடுப்பதற்குள் அடியில் புகுந்து, முறிந்த குழாயின் வாயைத் தன் உள்ளங்கையால் அமுக்கிப் பிடித்துக்கொண்டார். விரலிடுக்கில் வழிந்து அவர் முழங்கை வரைக்கும் ஓடியது. "யாராச்சும் துணி குடுங்கலே வெரசா" என்று அங்கிருந்தே சத்தம் போட்டார்.

கேரவன் கதவு திறந்தது. அக்கா நின்றாள். கதவையே பார்த்துக்கொண்டிருந்த அத்தனை கண்ணும் அவள்மேல். பட்டுச்சேலை, தலை நிறையப் பூ, முகத்தில் மட்டும் ரத்தம் இல்லை.

"அண்ணே, கைய எடுங்க. அது ரேடியேட்டர் தண்ணி இல்ல. கக்கூசுத் தண்ணி. என்னோடது."

நான் படியருகே ஓடினேன். அவளை உள்ளே தள்ளிக் கதவைச் சாத்திவிடலாமா என்று ஓர் எண்ணம் ஓடியது. அக்கா கம்பியைப் பிடித்துக்கொண்டு, யாரையும் பார்க்காமல், மேலும் சொன்னாள். "எனக்குக் கொடல்ல ஆபரேசன். வந்தா அடக்க முடியாது. அதுக்குத்தான் இந்த வண்டி. நீங்க பாட்டுக்குத் தெரியாம அதைப் புடிச்சுக்கிட்டு இருக்கீங்களே அண்ணே."

அவர் அடியிலிருந்து வெளியே வந்தார். கையைப் புல்லில் துடைத்தார். "இதுக்குப் போயி இம்புட்டு வருத்தப்படுதியே தாயி. ஆட்டுப் புழுக்கையும் மாட்டுச் சாணியுமா அள்ளிக்கிட்டு இருக்கிற கைதானே இது. ஏலே, அந்தச் சோப்பை எடுத்துட்டு வா" என்றார். ஒருத்தி மம்பட்டியோடு வந்து ரோட்டில் கொட்டியதன்மேல் மண்ணை இழுத்து மூடினாள். முகம் சுளிக்கவில்லை, மூக்கைப் பொத்தவில்லை. அவ்வளவுதான் நடந்தது. இத்தனை நாள் அக்கா பயந்து செத்த விஷயம் ஒரு மம்பட்டி மண்ணில் முடிந்துபோனது.

"எங்க போறீங்கக்கா?" என்று மம்பட்டிக்காரி கேட்டாள். வளைகாப்பு வீட்டைச் சொன்னோம். "அட, நாங்களும் குளிச்சிட்டு அங்கதான் வரணும். பொண்ணோட அம்மாவா நீங்க?" என்றவள், கொஞ்சம் தள்ளி மேட்டுக்கு ஏறிப் போய் யாருக்கோ போன் போட்டாள். அக்கா இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டாள்.

"போச்சு. ஊருக்கே சொல்லப் போறா. வண்டியத் திருப்பச் சொல்லுடி."

"திருப்பினா வழி ரொம்ப நீளம்க்கா, கக்கூசும் கெடையாது. ஊரு பக்கத்துல இருக்கு. உனக்கு எது வசதி?" என்று கொஞ்சம் கடுப்பாகவே கேட்டேன். அன்பாகக் கேட்டிருந்தால் அவள் ஏறியிருக்க மாட்டாள்.

முறிந்த வாயில் சாக்குத் துணியைத் திணித்துக் கட்டிவிட்டுக் கிளம்பினோம். ஊருக்குள் நுழைந்ததும் முதல் வீட்டு வாசலில் ஒரு பெண் நின்று கை காட்டினாள். "அக்கா, போகணுமா? வெந்நி வச்சிருக்கேன்" என்றாள். பின்னால் குளியலறைக் கதவு திறந்திருந்தது, வாளியில் ஆவி பறந்தது. அக்கா வேண்டாம் என்று தலையாட்டினாள். நாலு வீடு தள்ளி இன்னொருத்தி. அப்புறம் டீக்கடைக்காரர் சம்சாரம். தெருவில் தண்ணீர்ப் பந்தல் மாதிரி வீட்டுக்கு வீடு கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றார்கள். கூச்சமாகவும் இருந்தது, சிரிப்பாகவும் வந்தது. முதலில் சிரித்தது அக்காதான்.

சம்பந்தி வீட்டில் மகள் வாசலுக்கே வந்துவிட்டாள். முகம் சிவந்திருந்தது. "மூட்டுவலின்னியே அம்மா. ஊரே தெரிஞ்சு, கடைசியா எனக்குத் தெரியணுமா?" என்று கேட்டு அழுதாள். அக்காவும் அழுதாள். மாமியார் குறுக்கே வந்து, "அழுறதுக்கு இன்னைக்கு நாளில்ல. சம்பந்தி, எங்க வீட்ல பாத்ரூம் சமையக்கட்டுக்குப் பின்னாடி இருக்கு, வாங்க காட்டுறேன்" என்று கையைப் பிடித்து அழைத்துப் போனார். அக்காதான் முதல் வளையலைப் போட்டாள். நடுவில் இரண்டு தடவை எழுந்து போனாள். அவள் வரும் வரைக்கும் பெண்கள் பாட்டை நீட்டிப் பாடிக்கொண்டிருந்தார்கள்.

சாப்பாடு முடிந்ததும் நான் அக்காவிடம் சொன்னேன். கேரவன் இந்த நிலைமையில் ஆகாது, கொடைக்கானலில் புதுக் குழாய் வாங்கி வந்து நாளைக்குள் மாட்டிவிடுகிறேன், ஒரு நாள் தங்கிப் போகலாம் என்று.

"நாளைக்கு அஷ்டமி. புள்ளய இன்னைக்கே கூட்டிட்டுப் போகணும்" என்றாள்.

"கக்கூசு இல்லாமயா?"

"வழியில வீடே இல்லையா என்ன?"

கேரவனையும் அதற்குக் காவலாக அக்கா வீட்டுக்காரரையும் சம்பந்தி தோட்டத்தில் விட்டுவிட்டு ஜீப்பில் மட்டும் இறங்கினோம். கொடைக்கானலைத் தாண்டி, காப்பித் தோட்டங்கள் வருகிற இறக்கத்தில், பின்சீட்டில் மகள் நெளிந்தாள். ஏழு மாத வயிறு, அத்தனை வளைவு. என்ன என்று கேட்டால் ஒன்றுமில்லை என்றாள். அக்கா அவள் முகத்தைப் பார்த்தாள். "தம்பி, நிறுத்துங்க" என்றாள்.

"வேணாம்மா, வத்தலக்குண்டு வரைக்கும் அடக்கிக்கிடுதேன்."

"அடக்காத."

ரோட்டோரம் ஓட்டு வீடு ஒன்று. முன்பின் தெரியாத வீடு. மகள் கூச்சத்தில் இறங்கமாட்டேன் என்றாள். அக்கா கையைப் பிடித்து இறக்கி, முன்னால் நடந்து, கதவைத் தட்டினாள். என் வயதுப் பெண் ஒருத்தி திறந்தாள்.

"நான் கொடல்ல ஆபரேசன் ஆனவ. இது என் மக, ஏழு மாசம். ரெண்டு பேருக்கும் அவசரமா வருது. உங்க பாத்ரூமை விடணும்" என்றாள் அக்கா. தணிந்த குரலில் இல்லை, ஜீப்பில் இருந்த எனக்குக் கேட்டது.

அந்தப் பெண் வழிவிட்டாள். வீட்டின் பக்கவாட்டில் பாத்ரூம் ஒன்றுதான் இருந்தது. அக்காவுக்கு நெற்றியெல்லாம் வியர்த்திருந்ததை நான் இங்கிருந்தே பார்த்தேன். அவள் மகளை முதலில் உள்ளே அனுப்பிக் கதவைச் சாத்திவிட்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு வெளியே காத்து நின்றாள்.